வீடு பூட்டியிருந்தது

வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு ஊர்ப்பெருமை பேச இரண்டு விஷயங்கள் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான். மதராஸ் மாகாணத்தின் முதல் நகராட்சிகளில் ஒன்றாக 1866-ல் அமைந்ததும் எங்கள் ஊர்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம், நாட்டிலேயே தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று.

1984-ல், இருபத்து நான்கு வயதில், அந்த நோயைத் தேடி வீடு வீடாகப் போகும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆர்டரில் என் பதவிக்கு நீளமான பெயர். ஊரில் ‘லெப்ரசி இன்ஸ்பெக்டர்’. இன்னும் நேராகப் பேசுகிறவர்கள் ‘பெருநோய்க்காரர் வந்துட்டாரு’ என்பார்கள், நோயே எனக்குத்தான் என்பதுபோல. எனக்குக் கொடுத்தது ஒரு சைக்கிள், ஒரு பதிவேடு, சுமார் இருபதாயிரம் ஜனங்கள்.

எங்கள் வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாமே டாக்டர்களின் வரலாறு. வாசலில் போய் நின்றவர்களைப் பற்றி அதிகம் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

*

ஸ்கடர் குடும்பத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். சைலஸ் ஸ்கடர் 1866-ல் ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்று ராணிப்பேட்டையில் இருக்கும் ஸ்கடர் நினைவு மருத்துவமனை. அதே குடும்பத்து ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் நாற்பது கட்டில் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அந்த ஒரு கட்டில் காலத்தில் ஐடாவுக்குக் கூடமாட இருந்தவர் சாலோமி என்ற பெண். நர்ஸ் இல்லை. பங்களாவில் வேலை செய்த குடும்பத்துப் பெண். கொதிநீரில் கருவிகளைப் போடுவது, புண்ணைத் துடைப்பது, வந்திருக்கும் பெண்களிடம் அவர்கள் பாஷையில் பேசுவது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டார். வெளிநாட்டு டாக்டரம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தை ஒரு கிராமத்துப் பெண் முதலில் யாரிடம் சொல்லியிருப்பாள்? எங்கள் பக்கத்து சுகாதாரப் பணியாளர் பரம்பரையில் முதல் ஆள் என்று நான் சாலோமியைத்தான் சொல்வேன்.

கொஞ்ச காலத்திலேயே ஐடா குடியாத்தம் பாதையில் வாரம் ஒருமுறை போக ஆரம்பித்தார். முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார் கார். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஒரு மரத்தடி, அங்கே காத்திருக்கும் கூட்டம். பெரிய காரியம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. மரத்தடிக்கு வருகிறவர்களைத்தான் அங்கே பார்க்க முடியும். வராதவர் வராதவர்தான். அந்த நாளில் எதற்கும் வெளியே வராதவர்கள் தொழுநோயாளிகள்.

*

தொழுநோயில் விரல் அழுகி விழும் என்றுதான் உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் அதைச் சந்தேகப்பட்டார். நோய் நரம்பைத்தான் தின்கிறது, விரலை அல்ல என்று காட்டினார். உணர்ச்சி போன கை சூடான பாத்திரத்தைத் தூக்கும், சுடுவது தெரியாது. காலில் ஆணி ஏறும், தெரியாமலே நடக்கும். ராத்திரியில் எலி வந்து விரலைக் கடித்தாலும் தூக்கம் கலையாது. இதைக் கண்டுபிடித்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சொன்னவர் சிரிக்கவில்லை.

மடங்கிப்போன விரல்களை, தசைநார்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை பிராண்ட் செய்து காட்டினார். 1955-ல் காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதே ஆண்டு மத்திய அரசும் தேசிய அளவில் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் அடிமட்டத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வந்தோம். இருபது, இருபத்தைந்தாயிரம் பேருக்கு ஒரு ஆள். கணக்கெடு, எடுத்துச் சொல், மருந்து கொடு. மூன்றே கட்டளை.

ஒரு தெருவுக்கு நான் எப்படிப் போவேன் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆளை வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும். உடம்பில் நிறம் மங்கிய தேமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பேனா முனையாலோ பஞ்சுத் திரியாலோ தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல தோல் என்றால் சரியாகக் காட்டுவார்கள். மரத்த தேமல் என்றால் கண்ணை மூடியபடியே ‘தொடு சார்’ என்பார்கள். நான் தொட்டு முடித்திருப்பேன். பிறகு முழங்கைக்குப் பின்னால், இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஏறுமே, அந்த நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்க்க வேண்டும்.

ஆணான நான் பெண்களின் முகத்தையும் முழங்கையையும் காலையும்தான் பார்க்க முடியும். முதுகில் தேமல் இருந்தால் அது பதிவேட்டுக்கு வராது. எங்கள் கணக்கில் பெண்கள் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் குரோம் உப்பில் வேலை செய்கிறவர்களின் விரல் மூட்டுகளில் துளைத்தது மாதிரி வட்டமாகப் புண் இருக்கும். குரோம் குழி. அதிலும் வலி பெரிதாக இருக்காது. வலி இல்லாத புண் என்றதும் புதிதாக வந்தவன் தொழுநோய் என்று எழுதிவிடுவான். நானும் ஒருமுறை எழுதப் பார்த்தேன். கூட வந்த மூத்தவர் பேனாவை வாங்கி, புண்ணைச் சுற்றி இருந்த தோலைத் தொட்டார். அந்த ஆள் ஒவ்வொரு தொடுதலுக்கும் சரியாக விரலை வைத்தார். “இது நம்ம கேஸ் இல்லப்பா, கம்பெனி கேஸ்” என்றார் மூத்தவர். கம்பெனி கேஸுக்கு எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது. தோல் தொழிற்சாலைகள் பாலாற்றுக்கும் நிலத்துக்கும் செய்ததற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஆளின் கை.

*

நான் சேர்ந்த நேரம் நல்ல நேரம். அதுவரை பல வருஷம், சிலருக்கு ஆயுள் முழுக்க டாப்சோன் ஒன்றையே விழுங்க வேண்டியிருந்தது. கிருமியும் அதற்குப் பழகிக்கொண்டிருந்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது: ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன். லேசான நோய்க்குக் குளோஃபசிமின் இல்லாமல் 6 மாதம், தீவிரமானதற்கு மூன்றும் சேர்த்து 2 வருஷம். மாதத்துக்கு ஒருமுறை நம் கண் எதிரே விழுங்க வைக்க வேண்டும். குணமாகும் என்று முதன்முறையாகப் பொய் கலக்காமல் சொல்ல முடிந்தது.

ஆனால் மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து அடுத்த மாதம் ஆளே காணாமல் போவார். குளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும், மருந்து நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும். மருந்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாத நோய், மருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். மரத்த காலுக்காக ஆணி அடிக்காத, மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுப்போம். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற வட்டாரம் இது. இங்கே அந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாலே ‘அந்த நோய்’ என்று தெரிந்துவிடும் என்பதால், கொடுத்ததைப் பரணில் வைத்துவிட்டு வெறுங்காலில் நடந்தவர்கள் உண்டு.

எங்கள் வேலை மருந்து கொடுப்பது என்பதைவிட, திரும்பத் திரும்பப் போவது என்பதே சரி. அதில்தான் நான் தவறினேன்.

*

ஊர் பெயர் வேண்டாம். நெசவுக் குடும்பம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல். பஞ்சால் தொட்டேன். “தொடுண்ணா” என்றாள்.

சந்தேகப் பட்டியலில் பெயரை எழுத வேண்டும். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்வார். மருந்து தொடங்கும். நான் பதிவேட்டைத் திறந்ததும் அவள் அம்மா என்னை வீட்டுப் பின்புறம் கூப்பிட்டார்.

“தம்பி, தையில கல்யாணம் வச்சிருக்கு. உன் நோட்டுல பேரு ஏறிட்டா போச்சு. உங்க ஜீப்பு வந்து வாசல்ல நின்னா தெருவே பேசும். கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ என்னா சொன்னாலும் கேக்கறேன்.”

“இது குணமாயிடும்மா. சீக்கிரம் மருந்து போட்டா ஒண்ணுமே தெரியாது.”

“உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

எனக்கும் அப்போது கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்த வீட்டுக்கு நேரே அன்று ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன். அடுத்த சுற்றிலும் அதே. மூன்றாம் சுற்றில் வீடு உண்மையாகவே பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்று விசாரித்து, அந்தப் பக்கத்துப் பணியாளருக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள், பூட்டிய வீடுகளை யாரும் கேட்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவளை அதே திண்ணையில் பார்த்தேன். மடியில் கைக்குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் நரம்பில் சீறி எழுவது உண்டு, அதுதான் நடந்திருந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன. உள்ளங்கையில் சோற்றுப் பானை சுட்ட தழும்பு. புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனால் சட்டமும் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தது. 1955-ன் இந்து திருமணச் சட்டத்தில், தீராத தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். தீரும் என்று தெரிந்து பல வருஷம் ஆன பிறகும், அந்த வரியை நீக்க 2019 ஆனது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “நீ அன்னிக்கே எழுதியிருக்கக் கூடாதா தம்பி” என்று மட்டும் கேட்டார். எழுத வேண்டாம் என்று சொன்னது அவர்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறைக்கச் சொல்வது தாய்க்கு இயல்பு. மறைத்த பிறகும் போய் நிற்கத்தான் எனக்குச் சம்பளம்.

மருந்து முழுவதும் சாப்பிட்டாள். கரிகிரியில் அறுவை சிகிச்சை செய்து விரல்கள் நிமிர்ந்தன. மறுபடி தார் சுற்றினாள். நிமிர்ந்த விரலுக்கு உணர்ச்சி மட்டும் வரவில்லை. நூல் அறுந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

*

2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் வீடு வீடாகத் தேடும் வேலை அதோடு நின்றுபோனது. நோய் இருப்பவர் தானாக ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்றார்கள். ஐடாவின் மரத்தடி திரும்ப வந்தது. 2016-ல் மறுபடி தேடும் இயக்கத்தை அரசே தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். எங்களில் பலரைப் பொது சுகாதாரப் பணிக்கு மாற்றினார்கள். கொசு, குளோரின், அம்மை என்று என் காலமும் ஓய்வில் முடிந்தது.

இப்போது எனக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஊரெல்லாம் பஞ்சுத் திரியோடு சுற்றியவன், தினமும் ராத்திரி கண்ணாடியைக் கீழே வைத்து என் பாதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் மாதாமாதம் மாத்திரை கொண்டுவருகிறாள். மகளிர் குழுவில் இருந்து வந்தவள். பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதுவாள்.

போன மாதம் கேட்டேன். “வீடு பூட்டியிருந்தா என்னம்மா எழுதுவே?”

“பூட்டியிருக்குன்னு எழுதிக்குவேன் சார். வேற என்னாத்த எழுதறது?” என்று சிரித்தாள்.

உட்காரச் சொல்லி அந்தத் திண்ணைப் பெண்ணின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டி, காலையில் விட்டுவந்த ஏதோ ஒரு வரியை விரல் வைத்துப் பார்த்தாள்.

“டீ இருக்கட்டும் சார், வந்து குடிக்கறேன்” என்று எழுந்து போனாள்.