பொஸ்னியா: ஓர் அறிமுகம்

பால்கன் நாடுகளுள் ஒன்றான பொஸ்னியா எர்செகோவினா, பரப்பில் நமது இலங்கையினும் சிறியது. ஏறத்தாழ 51,000 சதுர கிலோமீற்றர். தினாரிக் மலைத்தொடர் நாட்டின் பெரும்பகுதியை நிறைத்து நிற்கக் கடற்கரையோ சுமார் 20 கிலோமீற்றரே உண்டு.

தலைநகர் சரயேவோவில் பள்ளிவாசல், யூத ஆலயம், இருவகைக் கிறித்தவத் தேவாலயங்கள் யாவும் நடந்துசெல்லும் தூரத்தில் அமைந்துள்ளன. கொட்டாஞ்சேனையில் கோவிலையும் விகாரையையும் புனித லூசியா பேராலயத்தையும் அருகருகே காணும் நமக்கு அக்காட்சி புதிதன்று.

கொத்திறைச்சியை விரலளவாக உருட்டித் தணலிற் சுட்ட செவாப்பி, மெல்லிய மாவுத்தாளில் இறைச்சி பொதிந்த பூரெக், பிடி நீண்ட செப்புப் பாத்திரத்திற் காய்ச்சிய கோப்பி ஆகியவை 1463 முதல் 1878 வரை நீடித்த துருக்கியராட்சி விட்டுச்சென்ற சுவைகள். எல்லாச் சமூகத்தாரும் அவற்றை விரும்பி உண்கின்றனர்.

ஆயினும் 1992 ஓகஸ்டில், நகரை முற்றுகையிட்ட செர்பியப் படையினரின் எறிகணைகள் அங்கிருந்த தேசிய நூலகத்தை எரித்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த நமக்கு அத்துயரும் அந்நியமானதன்று.

ஓருணவை உண்ட மக்களைப் பிரித்தது சமயமோ மொழியோ அன்று. அதிகாரத்துக்காக இனப்பகையை வளர்த்த அரசியலே. இரு நூலகக் கட்டடங்களும் மீண்டும் எழுந்துவிட்டன. எரிந்த சுவடிகளோ மீளவில்லை.