மூணு நிமிஷ ஃபிலிம், மூணு மணி நேரக் கச்சேரி

திருட்டுத்தனமா எடுக்கப்பட்டு, பிறகு வரலாற்று ஆவணமா மாறிப்போன சில ஃபிலிம் சுருள்களோட கதைதான் இன்னைக்கு.

லெட் செப்பலின். 1968-ல் லண்டனில் உருவான ராக் குழு. எழுபதுகளில் உலகத்தின் மிகப் பெரிய குழுக்களில் ஒண்ணு. ஆனா இவங்க மேடையில் வாசிச்சதைப் பார்க்கணும்னு தேடினா, முறையா படம்பிடிச்ச காட்சிகள் ரொம்பக் கம்மி. டி.வி. நிகழ்ச்சிகளை அவங்க பெரும்பாலும் தவிர்த்துட்டாங்க. வேணும்னா நேர்ல வந்து பாருங்க, அவ்ளோதான். மேனேஜர் பீட்டர் கிராண்ட் இன்னும் ஒரு படி மேல. கூட்டத்துல யாராவது ரெக்கார்ட் பண்றதா சந்தேகம் வந்தாலே போதும், கை நீண்டுடும். 1971-ல் கனடாவின் வான்கூவரில் அப்படி அவர் உடைச்ச கருவி, உண்மையில் ஒலி மாசை அளக்க வெச்சிருந்த மெஷின்!

அப்படியும் ரசிகர்கள் கேமராவோட உள்ள போனாங்க. பலர் கையில் இருந்தது சூப்பர் 8. வீட்டு விசேஷங்களைப் படம்பிடிக்க கோடாக் 1965-ல் கொண்டுவந்த ஃபிலிம். ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் ஓடினா மூணு நிமிஷம் இருபது நொடியில் தீர்ந்துடும். கச்சேரியோ மூணு மணி நேரம். அதனால கொஞ்சம் எடுப்பாங்க, நிறுத்துவாங்க, அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பாங்க. சத்தமும் கிடையாது. சூப்பர் 8-ல் ஒலி வந்ததே 1973-லதான். அதுக்கப்புறமும் நிறைய பேர்கிட்ட இருந்தது ஊமைக் கேமராதான்.

சத்தத்தைப் பிடிச்சது வேற ஆட்கள். லாஸ் ஏஞ்சலஸில் மைக் மில்லார்ட்னு ஒருத்தர். நல்லா நடக்கக்கூடியவர். ஆனா ரெக்கார்டரை மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்காகவே வீல்சேரில் உட்கார்ந்து அரங்கத்துக்குள்ள போவார். 1977 ஜூன் 21 அன்னைக்கு அவர் பதிவு பண்ண கேசட், ரசிகர்களுக்கு இன்னைக்கும் பொக்கிஷம்.

ஆக, ஒருத்தர்கிட்ட படம் இருக்கு, சத்தம் இல்ல. இன்னொருத்தர்கிட்ட சத்தம் இருக்கு, படம் இல்ல. ஒரே கூட்டத்தில் நின்னிருந்தும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. பல வருஷம் கழிச்சு இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிறதுதான் ரெஸ்டோர் பண்ற ரசிகர்களோட வேலை.

எப்படிச் சேர்ப்பாங்க? முதல்ல ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமா ஸ்கேன் பண்ணணும். அப்புறம் துப்பறியணும். ஜிம்மி பேஜ் எந்த கிட்டாரை மாட்டியிருக்கார்? இரட்டைக் கழுத்து கிட்டார்னா, அது எந்தப் பாட்டா இருக்கும்னு சீக்கிரம் சுருக்கிடலாம். அடுத்து டிரம்மர் ஜான் பான்ஹாமோட கை. குச்சி சிம்பல்ல படுற ஃபிரேமையும் கேசட்ல கேட்கிற அந்த அடியையும் ஒண்ணா வெச்சா பொருந்திடும். ஆனா கொஞ்ச நேரத்துலயே நழுவும். ஏன்னா அந்தக் கேமரா சரியா 18 ஃபிரேமில் ஓடியிருக்காது, கேசட்டும் சரியான வேகத்தில் சுத்தியிருக்காது. ரெண்டும் ரப்பர் மாதிரி. ஒண்ணை இழுத்து, இன்னொண்ணைச் சுருக்கி, துண்டு துண்டா பொருத்தணும்.

2003-ல் குழுவே அதிகாரபூர்வமா ஒரு டி.வி.டி. வெளியிட்டாங்க. அதுல கூட்டத்திலிருந்து ரசிகர்கள் எடுத்த காட்சிகளும் இருந்துச்சு. மேனேஜர் பார்த்திருந்தா உடைச்சிருக்கக்கூடிய கேமராவோட காட்சி, கடைசியில் கடைக்கே விற்பனைக்கு வந்தது! அதே டி.வி.டி.யில் ‘இமிக்ரன்ட் சாங்’ பாருங்க. படம் 1972 பிப்ரவரியில் சிட்னி. சத்தம் அதே வருஷம் ஜூன்ல கலிஃபோர்னியாவின் லாங் பீச். பார்க்க அட்டகாசமா இருக்கும். ஆனா அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்ல.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமா படுது. நேர்மையா ரெஸ்டோர் பண்றவங்க அந்த ராத்திரியோட படத்துக்கு அந்த ராத்திரியோட சத்தத்தை மட்டும்தான் சேர்ப்பாங்க. படம் இல்லாத இடத்தில் ஒரு ஃபோட்டோ வைப்பாங்க, இல்லாட்டி திரையைக் கருப்பாவே விட்டுடுவாங்க. ஓட்டையை ஓட்டையா காட்டுறதும் வரலாறுதான்.

இப்ப ஏ.ஐ. வந்தாச்சு. மங்கலான சூப்பர் 8-ஐக் கொடுத்தா, பளிச்னு 4கே-ல திருப்பித் தருது. ஆனா அந்த ஃபிரேமில் முகம்னு இருந்தது சில புள்ளிகள்தான். கண்ணும் பல்லும் ஏ.ஐ. யூகிச்சு வரைஞ்சது. பான்ஹாம் 1980-ல் இறந்துட்டார், குழுவும் அதோட கலைஞ்சது. மறுபடி எடுக்க வழியில்ல. நாளைக்கு இணையத்துல அந்தப் பளிச் வடிவம் மட்டும் மிஞ்சினா, எது கேமரா பார்த்தது, எது மெஷின் வரைஞ்சதுன்னு யாரால பிரிக்க முடியும்?

இன்னொரு பக்கம் அசல் ஃபிலிமும் காத்திருக்காது. சாயம் வெளுக்கும், சில சுருள்களில் வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும். அது ஃபிலிம் மட்கிப்போறதோட அறிகுறி. அதனால ஸ்கேன் பண்றதைத் தள்ளிப்போட முடியாது. பளபளப்பாக்குற வேலை காத்திருக்கலாம், அசல் ஸ்கேனைத் தொடாம பத்திரமா வெச்சிருந்தா போதும். என்னைக் கேட்டா, ஆடுற கை, மங்கின முகம், குறுக்கே வர்ற யாரோ ஒருத்தரோட தலை, இதெல்லாம் குறை இல்ல. அன்னைக்கு அங்க ஒரு ஆள் நின்னு பார்த்தார்ங்கிறதுக்குச் சாட்சி.