ஐம் நாட் இன் லவ்

இங்கிலாந்தின் டென் சிசி இசைக்குழு 1975-இல் வெளியிட்ட பாடல். குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரகாம் கோல்ட்மனும் எழுதியது. முதன்மைக் குரல் ஸ்டூவர்ட்டுடையது. ‘தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்’ இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. அந்த ஆண்டு பிரித்தானியத் தரவரிசையில் 2 வாரம் முதலிடத்திலும், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 3 வாரம் இரண்டாம் இடத்திலும் இருந்தது.

காதலிப்பதாக ஏன் அடிக்கடி சொல்வதில்லை என்று ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி குறைபட்டுக்கொண்டார். ஓயாமல் சொன்னால் அந்தச் சொல் மதிப்பிழந்துவிடும் என்பது ஸ்டூவர்ட்டின் கட்சி. சொல்லாமலே சொல்ல வழி தேடியதில் ஒரு மறுப்புப் பாட்டு பிறந்தது. பாடலில் பேசுபவன் ஒருத்தியிடம் காதலே இல்லை என்று சாதிக்கிறான். அவள் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பதுகூடக் கறையை மறைக்கத்தானாம்! கேட்பவர் இதை நம்பிவிட்டால் பாட்டு தோற்றுப்போகும்.

முதலில் இதைப் போசா நோவா தாளத்தில் பதிவுசெய்தார்கள். குழுவின் கெவின் காட்லிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை, கைவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோ ஊழியர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி எடுப்பதென்றால் குரல்களாலேயே கட்ட வேண்டும் என்றார் காட்லி. ஒலிநாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிடலாம் என்பது குழுவின் நான்காமவரான லால் கிரீமின் யோசனை.

மான்செஸ்டருக்கு அருகே, ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் வேலை நடந்தது. கோல்ட்மன், காட்லி, கிரீம் மூவரும் அரைச்சுர வரிசையின் ஒவ்வொரு சுரத்துக்கும் 16 முறை ‘ஆ’ என்று பாட, சுரத்துக்கு 48 குரல் சேர்ந்தது. இதற்கே 3 வாரம் பிடித்தது. பிறகு ஒவ்வொரு சுரத்தையும் சுமார் 12 அடி நீள நாடா வளையமாக்கி ஓட்டி, பலதட நாடாவில் ஏற்றினார்கள். ஒலிக்கலவை மேசையில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நெம்புக்கு ஒரு சுரம். குழுவின் நால்வரும் நெம்புகளை ஏற்றி இறக்க, மேசையே வாத்தியமாகிவிட்டது. நெம்புகள் முழுக்கக் கீழே இறங்காதபடி அடியில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். அதனால் பாடுபவன் மறுத்துக்கொண்டே இருக்க, பின்னால் அந்தக் குரல்திரள் ஒரு நொடியும் ஓய்வதில்லை. பாட்டின் பொருள் வரிகளில் இருப்பதைவிட இங்கேதான் அதிகம் இருக்கிறது.

மற்றவை கொஞ்சமே: மின்பியானோ, கிதார், மூக் என்ற மின்னிசைக் கருவியில் உண்டாக்கிய மெல்லிய துடிப்பு. நடுவில் கிசுகிசுக்கும் பெண்குரல் ஸ்டுடியோவின் வரவேற்பாளருடையது. தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொல்ல உள்ளே வந்தவர் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டு, அவரையே பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள்.

வடிவத்தில் சோதனை செய்வது காட்லி, கிரீம் இணையின் இயல்பு. மெட்டுக் கட்டுவது மற்ற இருவரின் பலம். இரண்டும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய பாடல் இக்குழுவுக்கு வேறில்லை. 1976-இல் காட்லியும் கிரீமும் பிரிந்து சென்றனர்.