பிள்ளையின் பேச்சும் பள்ளிக்கூடமும்

ஆறுமுகநாவலருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியது 1849ஆம் ஆண்டிலாகும். அது எழுத்துக்குக் கிடைத்த பட்டமன்று, நாவன்மைக்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே, 1847 டிசெம்பர் 31ஆந் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தியிருந்தார். செய்யுளைப் படித்துப் பயன் சொல்லும் புராணபடனமே வழக்கிலிருந்த கோயில் மண்டபத்தில், ஒரு பொருளை எடுத்து வசனத்தில் விரித்துப் பேசும் முறை அக்காலத்தில் புதுமையானது. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த காலத்தில் அவர் கேட்டறிந்த கிறிஸ்தவப் பிரசங்க முறை சைவ மேடைக்கு வந்து சேர்ந்த வரலாறு அது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1848இல், அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார்.

நாவன்மையாற் புகழ்பெற்ற ஒருவர் தொடக்கிவைத்த சைவப் பாடசாலை மரபில், சிறுபிள்ளையின் நாவுக்கு எத்தகைய இடம் கிடைத்தது? நாவலரின் வசனநடையைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். இந்த வினாவையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது தகும்.

அதற்கு முன் திண்ணைப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டும். அது சத்தம் நிறைந்த இடம். மணலில் விரலால் எழுத்தைக் கீறும்போதே அதனை உரத்துச் சொல்ல வேண்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, அதன்மேல் நிகண்டு, அந்தாதிகள், எண்சுவடி என யாவும் வாய்வழியாகவே பிள்ளைக்குள் இறங்கின. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றையோர் பின்னே சொல்வர். அச்சுப் புத்தகம் கைக்கெட்டாத காலத்தில் பிள்ளையின் நினைவே நூலகமாக இருந்தது. இம்முறையை இன்று இகழ்வது எளிது. எனினும் ழகர, ளகர, லகர வேறுபாடும், சீர் பிரித்து ஓதும் செவிப்புலனும், மூச்சை எங்கே நிறுத்துவது என்னும் பயிற்சியும் அம்முறை தந்த பேறுகள். இன்றைய பட்டதாரி ஆசிரியர் பலரிடம் அவை இல்லை. குறை வேறோரிடத்தில் இருந்தது. பிள்ளையின் வாய் நாள் முழுவதும் இயங்கியது. அதிலிருந்து வெளிப்பட்ட சொல்லில் ஒன்றேனும் அப்பிள்ளையுடையதாக இருக்கவில்லை.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரும், ஏனைய மிசனரிமாரும் கிராமங்கள்தோறும் பாடசாலைகளை நிறுவியபோது அச்சுப் புத்தகமும் மணிக்கூடும் வகுப்புப் பிரிவும் வந்தன. வினாவிடையும் வந்தது. வினாவிடை என்னும்போது ஆசிரியரும் பிள்ளையும் உரையாடுகின்றனர் என்ற தோற்றம் ஏற்படும். வினாவும் விடையும் ஒருங்கே அச்சிடப்பட்டிருந்தன என்பதை மறந்துவிடலாகாது. நாவலர் மிசனரிமாரை எதிர்த்தபோதிலும் அவர்களது கருவிகளைக் கைவிடவில்லை. சைவ வினாவிடை அவ்வாறு தோன்றியதே. இரு முகாம்களிலும் பிள்ளை வினவும் வினாவுக்கு இடம் வைக்கப்படவில்லை.

நாவலரின் பாலபாட நூல்களைப் பற்றி ஒரு சொல். எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின்னர் நீண்ட வசனம் எனப் படிப்படியாக ஏறிச் செல்லும் அந்நூல்கள் ஆரம்பக் கல்வியில் ஒரு பெரும் பாய்ச்சல். மனனத்திலிருந்து வாசிப்புக்குப் பிள்ளையை அழைத்து வந்தவை அவை. வாசிப்பிலிருந்து பேச்சுக்கு அழைத்துச் செல்லும் அடுத்த படியை அவர் கட்டவில்லை. அக்காலத்தில் யாரும் அதைக் கட்டவில்லை. பிரசங்கம் பெரியவர்களுக்குரியது, பாடம் பிள்ளைகளுக்குரியது என்ற பிரிவு அன்று இயல்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

பின்னர் அரசாங்கம் தன் பங்கைச் செய்தது. 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் அமைந்ததையடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் வழங்கும் முறை வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் பரிசோதிக்கப்பட்டன. பரிசோதகர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். எது அளக்கப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும் என்னும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிய காலம் இது.

இனி, இவ்வரலாற்றின் மிகவும் நுட்பமான பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று ஆசிரியரின் கையிலுள்ள பொருளைச் சுட்டி “உது என்ன?” என்று கேட்கிறது. “உது அல்ல, அது என்று சொல்” எனத் திருத்தும் ஆசிரியர் உண்டு. கேட்பவருக்கு அண்மையிலுள்ளதைச் சுட்டும் இந்த உகரச் சுட்டினைத் தொல்காப்பியமும் நன்னூலும் அகர, இகரச் சுட்டுகளோடு சேர்த்தே கூறுகின்றன. தமிழகத்துப் பேச்சில் இது பெரும்பாலும் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வாயில் உயிரோடிருக்கிறது. இலக்கணம் கற்ற ஆசிரியர், இலக்கணம் வகுத்ததொரு வடிவத்தைப் பிழையெனத் திருத்தும் விந்தை இது! மட்டக்களப்புப் பிள்ளை ‘மறுகா’ என்று கதையைத் தொடரும். தோட்டத்துப் பிள்ளை கவ்வாத்து, பெரட்டு, கொழுந்து என்ற சொற்களோடு வகுப்பறைக்கு வரும். மலையகத் தோட்டப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, வேறு மாவட்டங்களிலிருந்து சென்ற ஆசிரியர்கள் அச்சொற்களைக் கேட்டுத் திகைத்ததும் உண்டு. ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை தன் மொழியின் அடிப்படை அமைப்பைப் பெரும்பாலும் கைக்கொண்டுவிடுகிறது. வீட்டில் அம்மம்மாவிடம் கதை கேட்டு, நொடி அவிழ்த்து, கிளித்தட்டில் சண்டையிட்டு வளர்த்த மொழி அது. பாடசாலையின் முதல் வாரத்திலேயே அதனைப் பிழை என்று சொன்னால், பிள்ளை செந்தமிழுக்கு மாறிவிடாது, வாயை மூடிக்கொள்ளும்.

இதற்குப் பின்னால் ஒரு சமூக நோக்கும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் சிறுகதையிலும் நாவலிலும் மக்களின் பேச்சுமொழியைக் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று சாடினர். இலக்கியச் சர்ச்சையாகவே அது நினைவுகூரப்படுகிறது. அச்சொல்லின் நிழல் வகுப்பறையிலும் விழுந்தது என்பது எனது கருத்து. ‘இழிசனர்’ என்று குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் அக்காலத்தில் அதே வாங்கில்களில் இடம் கேட்டு அமர்ந்துகொண்டிருந்தனர். பேச்சைத் திருத்துவது எங்கே முடிகிறது, பேசுபவரைத் தாழ்த்துவது எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை எல்லா ஆசிரியர்களும் காத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இத்தனைக்கும், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, 1940இல் வெளிவந்த ‘நானாடகம்’ தொகுதியிலேயே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழுக்கு மேடைத் தகுதி அளித்திருந்தார். மேடையில் ஏற்றதொன்று ஆரம்ப வகுப்பில் ஏலாததாயிற்று.

நல்ல முயற்சிகளும் இருந்தன. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய ஆடிப்பிறப்பு, கத்தரித்தோட்டத்து வெருளி முதலிய பாடல்கள் பிள்ளையின் உலகத்தைப் பிள்ளையின் நாவுக்கு ஏற்ற ஓசையில் தந்தன. கூழும் கொழுக்கட்டையும் வெருளியும் பாடப்புத்தகத்திற்குள் நுழைந்தது சிறிய செய்தியன்று. இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ இன்னொரு வாசலைத் திறந்தது. தாம் கேட்ட குரல்களில் தம் வயதுடையோரின் குரலும் இருந்ததைப் பழைய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பாடசாலை மட்டத்தில் பேச்சுக்கென நாம் கண்டுபிடித்த வழி பேச்சுப் போட்டியாகும். நாவலர் குருபூசை, வாணிவிழா, தமிழ்மொழித் தினம் என ஆண்டு முழுவதும் மேடைகள் உள்ளன. நடைபெறுவது என்ன? தந்தையோ ஆசிரியரோ உரையை எழுதுகிறார். பிள்ளை அதனை மனனம் செய்கிறது. எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பனவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. இடையில் ஒரு சொல் தவறினால் பிள்ளை அடுத்த கருத்துக்குச் செல்வதில்லை. அவையோருக்கு மீண்டும் வணக்கம் கூறித் தொடக்கத்திலிருந்து வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நிற்கிறது என்றே கூறலாம். மேடைக்கூச்சம் நீங்குவதற்கு இப்போட்டிகள் உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பேருள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்க, முப்பத்தொன்பது பேர் கைதட்டுவதற்கே பழகுகின்றனர்.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் ஒன்றிணைந்த கலைத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் நன்று. அதைவிடச் சுவையான பணி பாடவிதானத்துக்கு வெளியே நடந்தது. 1978இல் யாழ்ப்பாணத்தில் உருவான நாடக அரங்கக் கல்லூரியோடு இணைந்து இயங்கிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்கள் பிள்ளைகளை விளையாட்டின் வழியே பேச்சுக்கு இட்டுச் சென்றன. ஒருவர் பேச மற்றவர் கேட்டு மறுமொழி சொல்லாவிட்டால் நாடகம் நகராது. கேட்டலும் பேசுதலும் இணைபிரியாதவை என்பதை எந்த ஆசிரிய கைந்நூலையும் விட அவை தெளிவாகக் காட்டின. போர்க்காலத்தில், இடம்பெயர்ந்து பேச்சடங்கிப் போன பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் அரங்க விளையாட்டுகளோடு சென்றதற்கும் இந்த அனுபவமே கைகொடுத்தது.

கல்வித்துறை இதனை முறையாக ஏற்றது 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலேதான். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் தரம் ஒன்றுக்கு விரிக்கப்பட்ட அத்திட்டம், ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதல் நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதன்மை. எழுத்துவேலை பின்னாலேயே வரும். கேட்டலும் பேச்சும் வாசிப்புக்கும் எழுத்துக்கும் முன்னே வைக்கப்பட்டன. பிள்ளை தன் அனுபவத்தைத் தன் சொல்லிற் கூறுவது அடையவேண்டிய தேர்ச்சி என்று எழுதப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நாவுக்குக் கிடைத்த இடம் என்று இதனைக் கொள்ளலாம்.

அந்த இடம் தரம் மூன்றோடு சுருங்கத் தொடங்கிவிடுகிறது. காரணம், தரம் ஐந்தில் காத்திருக்கும் புலமைப்பரிசில் பரீட்சை. 1940களில் கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தக் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கொண்டுவருவதற்கென எழுந்த உயர்ந்த ஏற்பாடு அது. இன்று அது இரண்டு வினாத்தாள்கள். இரண்டும் எழுத்து. பிள்ளை வாய்திறந்து சொல்லும் எதற்கும் அங்கே ஒரு புள்ளியும் இல்லை. எனவே கதை சொல்லும் பாடவேளை மாதிரி வினாத்தாளுக்குப் போய்விடுகிறது. பெற்றோரும் அதையே விரும்புகின்றனர். அவர்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பரிசோதகரின் வருகைக்குப் பிள்ளைகளைப் பழக்கிய அந்தக் காலத்து ஆசிரியருக்கும் இன்றைய ஆசிரியருக்கும் இடையே அதிக தூரமில்லை.

அப்பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளைகள் தரம் ஆறில் எமது வகுப்புகளுக்கு வருகின்றனர். எழுத்து அழகாயிருக்கும், ஒத்தகருத்துச் சொல்லும் எதிர்க்கருத்துச் சொல்லும் தயங்காமல் வரும். வரும் வழியிற் கண்டதொன்றை எழுந்து நின்று சொல்லுமாறு கேட்டால் பலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பார்கள். “எழுதிக் காட்டட்டோ, சேர்?” என்று கேட்பவர்களும் உண்டு.