காயலான் கடைக்குப் போகாத வண்டி

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. வெளிர்பச்சை நிறம், தட்டையான தகடுகள், பார்த்து மயங்க ஒன்றுமில்லை. விலை 450 பவுண்டு. அந்த விலைக்குக் கதவு கிடையாது, கித்தான் கூரையும் கிடையாது. அவை வேண்டுமென்றால் தனிக் காசு. அதுதான் லேண்ட் ரோவர்.

கண்காட்சிக்குப் போன வண்டிகளில் ஒன்று பிற்பாடு காணாமல் போனது. 1960களில் சாலை ஓட்டம் நின்ற பிறகு, வேல்ஸில் ஒரு வயலில் இருபது ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்தது. எஞ்சினை ஓடவிட்டு அதன் விசையை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் இறுகிப்போன பிறகு யாரோ ஒருவர் சீர்செய்யலாம் என்று வாங்கினார், முடிக்கவில்லை. கடைசியில் அது அகப்பட்டது, நிறுவனத்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தள்ளி, ஒரு வீட்டுத் தோட்டத்தில். அதை மறுபடி ஓடவைக்கப் போவதாக 2018 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது.

பாதி கழற்றிய நிலையில் தோட்டத்தில் கிடப்பது பழைய வண்டிகளுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளை நம்பித் தொடங்கிய வேலை, மழைக்காலம் வந்ததும் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும். ஆனால் லேண்ட் ரோவரைப் பொறுத்தவரை இதில் இன்னொன்றும் உண்டு: வீட்டு முற்றத்தில் வைத்துக் கழற்றி மாட்டுவதற்கு இவ்வளவு தோதான நாலு சக்கர இழுவை வண்டி வேறு அதிகம் வந்ததில்லை. அந்தத் தோது யாரும் யோசித்து வைத்ததில்லை. பற்றாக்குறை தந்தது.

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பண்ணை இருந்தது. போர் முடிந்து கழித்துக்கட்டிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்துபோனால் மாற்றுக்கு இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், பிரிட்டனில் அப்படியொரு வண்டி இல்லை. 1947இல் ரெட் வார்ஃப் விரிகுடாவின் கடற்கரை மணலில் தம்பி மாரிஸ் கோடு கிழித்துக் காட்ட, நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரான அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் சரி என்றார் என்பது குடும்பக் கதை.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. முதல் மாதிரி வண்டிக்கு சேசிஸும் ஆக்சிலும் ஜீப்பிலிருந்து வந்தன. எஞ்சினும் கியர் பாக்ஸும் ரோவர் காரிலிருந்து வந்தன. ஸ்டியரிங்கை நட்டநடுவில் வைத்தார்கள். அதாவது உலகின் முதல் லேண்ட் ரோவரே ஒரு வண்டிக்குள் இன்னொரு வண்டியின் எஞ்சினை இறக்கிய பட்டறை வேலை. பின்னாளில் 'ஒரிஜினல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் இதை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். ஏற்றுமதி செய்கிற நிறுவனத்துக்குத்தான் எஃகு அளந்து கொடுத்தார்கள். அலுமினியம் மட்டும் விமானத் தொழிற்சாலைகள் ஓய்ந்ததால் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே உடம்பின் பெரும்பகுதி பிர்மாபிரைட் என்ற அலுமினியம்–மக்னீசியம் கலவைத் தகடு. தகட்டை வளைத்து வடிவமெடுக்கும் பெரிய அச்சுகளுக்குப் பணம் போட நிறுவனத்துக்கு மனமில்லை. கையால் மடிக்கக்கூடிய நேர்கோடுகளாகவே உருவத்தை வைத்துக்கொண்டார்கள். சேசிஸ் சட்டத்தைக்கூட நான்கு தட்டையான எஃகுப் பட்டைகளை விளிம்போடு விளிம்பு வெல்டிங் செய்து பெட்டிக்குழாயாக்கினார்கள். உள்ளே 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாட்டின் விளைவு, கதவு, மட்கார்டு, பின்தொட்டி என எல்லாமே நட்டு போல்ட்டில் நிற்கின்றன. ஒரு பெட்டி ஸ்பேனரும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் எலும்புக்கூடு வரை பிரித்துவிடலாம்.

பிரித்த பிறகுதான் சங்கடம் தெரியும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கியவர்கள், அது எஃகைத் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்ததும் என்ன நடக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் கண்டார்கள். இரண்டு உலோகமும் உப்பீரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் கீழ்விளிம்பு முதலில் போகும். சேசிஸோ உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். ஓட்டுநர் கால் வைக்கும் பலகைச் சுவர், பின்னால் இழுவைக் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டம் இரண்டும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்குப் போனவை உள்ளிட்ட முன்னோட்ட வண்டிகளின் சேசிஸுக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தது. விற்பனை வண்டிகளுக்கு அது வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். இன்று வீட்டில் லேண்ட் ரோவர் கட்டுகிற பிரிட்டன்காரர் முதலில் ஆர்டர் கொடுக்கிற பெரிய சாமான், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த புது சேசிஸ்தான். நிறுவனம் 1948இல் மிச்சப்படுத்தியதை அடுத்த தலைமுறைகள் சொந்தக் காசில் ஈடுகட்டின.

கருவிப் பெட்டியே ஒரு வரலாற்றுப் பாடம். ஆரம்பகால வண்டிக்குப் பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் வேண்டும். பின்வந்தவற்றில் அமெரிக்க அளவுகள் நுழைந்தன, அதற்கும் பிறகு மெட்ரிக். பல கை மாறிய வண்டியில் மூன்றும் கலந்திருக்கும். நசுங்கிய மட்கார்டை நிமிர்த்துவதற்கு ஒரு பழைய கைப்பக்குவம் உண்டு: தகட்டின் மேல் குளியல் சோப்பைத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து தீக்கொழுந்து காட்ட வேண்டும். சோப்பு கறுத்துவிட்டால் உலோகம் இளகும் சூடு வந்துவிட்டது. அதற்கு மேல் காட்டினால் தகடு உருகி ஓட்டை விழும். ஆறவிட்டு மரச்சுத்தியலால் தட்டினால் சொன்னபடி கேட்கும். டிங்கரிங் தெரிந்தவர்கள் வெப்பமானி வைத்துக்கொண்டு இதைச் செய்வதில்லை.

1958இல் இரண்டாம் வரிசை, 1971இல் மூன்றாம் வரிசை என்று உருவம் மெல்ல மாறியது. முதல் கியரும் இரண்டாம் கியரும் கரகரக்காமல் விழ மூன்றாம் வரிசைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனம் இப்படி நிதானமாக நடக்க, வாங்கியவர்கள் காத்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் தூரமும் வேகமும் அதிகம். அங்கே உள்ளூர் ஹோல்டன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்குவது வழக்கமானது. பிரிட்டனில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் உள்ளே போயின. 1989இல் டிஸ்கவரி வந்த பிறகு, துருப்பிடித்த டிஸ்கவரிகளிலிருந்து 2.5 லிட்டர் டர்போ டீசலைக் கழற்றி முப்பது வயது லேண்ட் ரோவரில் பூட்டுவது வீட்டுக் கொட்டகைகளில் ஒரு குடிசைத் தொழில்போலவே ஆயிற்று.

எஞ்சின் மாறினால் கதை அதோடு முடியாது. கியர் பாக்ஸோடு அதைச் சேர்க்க லேத்தில் கடைந்த இடைத்தகடு வேண்டும். கூடின விசையைத் தாங்காமல் பின் ஆக்சிலின் அரைத்தண்டு முறியும். பழைய டிஃபரன்ஷியலின் 4.7 விகிதம் மலைக்கு நல்லது, நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். அதற்காக ரேஞ்ச் ரோவரின் 3.54 விகித டிஃபரன்ஷியலைத் தேடிப் போவார்கள். வேகம் கூடியதும் டிரம் பிரேக் போதாது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வரும். மேம்படுத்துகிறேன் என்று தொடங்கியவர்கள் பலரும் கடைசியில் பதிவுத்தகடு நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள்.

அப்படியானால் அது பழைய வண்டிதானா? இந்தக் கேள்விக்கு பிரிட்டன் அரசே பல ஆண்டுகள் மதிப்பெண் போட்டது. உருமாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி வேண்டியிருந்தது. சேசிஸுக்கு ஐந்து, அதுவும் அசலாகவோ தொழிற்சாலை வடிவில் புதிதாகவோ இருக்கலாம். ஆக்சில், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கியர் அமைப்பு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. ரசிகர்கள் பேச்சில் வண்டியின் உயிர் எஞ்சின். அரசுக் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு ஆகக் குறைவு. இந்த விஷயத்தில் அரசு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும்.

டிஃபெண்டர் என்று பெயர் மாறியிருந்த அந்தப் பழைய வம்சத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல்லை விட்டு வெளியே வந்தது. அதே ஆண்டு நிறுவனம் ஒரு புதுக் கடை திறந்தது. பழைய முதல் வரிசை வண்டிகளில் 25ஐத் தேர்ந்தெடுத்து, பிறந்த நாளில் இருந்தபடியே பிரித்துக் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். அப்போதைய விலை 60,000 பவுண்டுக்கு மேல். அதே பெட்ரோல் எஞ்சின், அதே சாயம், அதே பாகங்கள். வேலை சுத்தம்தான். ஆனால் கதவைக்கூடத் தனியாக விற்று உழவனுக்குக் கொடுத்த வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுபோல ஒரு உறுத்தல் அதில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் வண்டிக்கு வேறு முறை கைக்கொண்டார்கள். மிஞ்சியிருந்த பழைய பச்சைப் பூச்சும் வாழ்ந்த தழும்பும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இரண்டில் இதுவே நாணயமான வழி.

மூன்றாவது வழி டார்ஜிலிங் மாவட்டத்தில் இருக்கிறது. நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு 31 கிலோமீட்டர் மலைப்பாதை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் ஓட்டிய லேண்ட் ரோவர்கள், அவர்கள் ஊர் திரும்பியபோது உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தன. கருங்கல் பாவிய அந்த ஏற்றத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போனவை, பின்பு சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றத் தொடங்கின. 1950களின் வண்டிகளுக்கு பாகம் எங்கிருந்து வரும்? இல்லாததை உள்ளூர் மெக்கானிக்குகள் கடைந்தும் காய்ச்சியடித்தும் செய்துகொண்டார்கள். பெட்ரோல் எஞ்சின் தேய்ந்ததும் சந்தையில் கிடைத்த மஹிந்திரா டீசல் எஞ்சினை இறக்கினார்கள். அங்கே யாருக்கும் 3.54 விகிதம் தேவைப்படவில்லை. செங்குத்து ஏற்றத்துக்கு பழைய நிதான கியரே வசதி.

2008இல் லேண்ட் ரோவர் டாடா மோட்டார்ஸ் வசமானது. பத்து ஆண்டு கழித்து, 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, நிறுவனமே மானேபஞ்சாங்கின் 42 வண்டிகளைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்து வெளியிட்டது. டாடா வசமிருந்தும், அந்தக் குறும்படத்தில் மஹிந்திராவின் எஞ்சின் மலையேறியதை நிறுவனம் குறையாகச் சொல்லவில்லை. ஜீப்பின் சேசிஸில் தொடங்கிய வம்சம், ஜீப் கட்டி வளர்ந்த இந்திய நிறுவனத்தின் எஞ்சினிடம் வந்து சேர்ந்ததில் முறையும் இருக்கிறது.

இப்போது அந்தப் பாதையின் பெரும்பகுதிக்கு கான்கிரீட் போட்டாகிவிட்டது; பொலேரோ வண்டிகளும் ஏறுகின்றன. வசதியை நினைப்பவர்கள் அவற்றில் போகிறார்கள். லேண்ட் ரோவரில் குலுங்கிக்கொண்டு போவதற்கென்றே வருகிற கூட்டம் வேறு. உரிமையாளர்களுக்கு இது தெரியும். அதனால் முகப்புக் கம்பிவலை, தட்டையான மட்கார்டு, வட்ட விளக்கு இவற்றைத் தொடாமல் ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்கிறார்கள். பானெட்டுக்கு அடியில் எது மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கிறதோ அதைப் பூட்டிக்கொள்கிறார்கள்.