மருத்துவமனையிற் பிறந்த மழலைப் பள்ளி

பெங்களூரில் நம்மவர் வாழும் எப்பகுதியில் நடந்து சென்றாலும், ‘மாண்டிசோரி’ என்ற சொல் பொறித்த பெயர்ப்பலகை ஒன்றேனும் கண்ணிற் படாமற் போகாது. வண்ணம் தீட்டிய சுவர்கள், சின்னஞ்சிறு நாற்காலிகள், ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டுப் பெருமூச்செறியும் தந்தையர்: அச்சொல்லுக்கு இன்று நாம் அறிந்துள்ள பொருள் இவ்வளவே. அப்பெயருக்குரிய அம்மையார் முதன்முதலிற் கற்பித்த குழந்தைகள் யாவர் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. யாமும் எண்ணியதில்லை, எண்ணும்படி பின்னர் நேர்ந்தது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு மனநோய் மருத்துவப் பிரிவிற் பணியாற்றுகையில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் மனநோயாளரோடு காப்பகங்களில் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டுவது எனத் துணிந்தார். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காட்டில் அலைந்து பிடிபட்ட பேச்சறியாச் சிறுவன் ஒருவனுக்குப் பாரிசு நகரிற் பொறுமையுடன் கற்பித்தவர் இத்தார் என்னும் மருத்துவர். அவர்தம் மாணாக்கர் செகேன். இவ்விருவர் நூல்களையும் அம்மையார் தம் கைப்பட இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதிக் கற்றார்.

1900-இல் உரோமையில் இத்தகைய குழந்தைகளுக்கெனத் திறந்த பள்ளியின் இணை இயக்குநரானார். ‘உதவாதவர்’ என ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளிற் சிலர், ஏனைய பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது: இவர்களே இவ்வளவு எட்டுவராயின், குறையேதுமில்லாப் பிள்ளைகளை அந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருப்பது எது? அவ்வினாவின் விளைவே 1907 சனவரி 6-ஆம் நாள், சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவர் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’. குறையுடைய குழந்தைகளுக்கென வகுத்த கருவிகளும் பயிற்சிகளுமே அங்கிருந்து உலகெங்கும் பரவின.

அவற்றுள் எம் நெஞ்சைக் கவர்ந்தது உப்புத்தாள் எழுத்து. முந்தைய பள்ளியில் மரத்தாற் செய்த எழுத்துகள் இருந்தன. சான் லொரென்சோவில் அவற்றுக்கு வழியில்லை. எனவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அதன்மேல் விரலை ஓட்டும். கண் அறியுமுன் விரல் எழுத்தை அறியும். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய பாட்டன்மார்க்கு இது புதிதாகத் தோன்றியிராது. இரண்டும் ஒன்றே எனச் சாதிக்க யாம் வரவில்லை. திண்ணைப் பள்ளியிற் பிரம்பும் இருந்ததன்றோ!

அம்மையார் நம் மண்ணுக்கு வந்தது 1939 நவம்பரில். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் உருக்மிணி தேவியும் அழைத்தனர். அறுபத்தொன்பது அகவையில், மகன் மாரியோவுடன் அடையாற்றில் வந்திறங்கினார். ஓலைக் கொட்டகைகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்து கேட்டனர். அம்மையார் இத்தாலியத்திற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்துரைத்தார். சில திங்கள் தங்கித் திரும்புவதே திட்டம்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. மாரியோ பகைநாட்டவர் என அகமதுநகரிற் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்றாயிற்று. அவ்வாண்டு அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. மகனைத் திருப்பித் தருவதே தங்களுக்கு ஏற்ற பிறந்தநாள் பரிசு என்பது அதன் கருத்து. நாளெல்லாம் கோப்புகளுக்கிடையே உழலும் எம்மனோர்க்கு, அரசு அலுவலகத்திலிருந்து அத்தகைய ஓர் ஆணை புறப்பட்டது என்பதே பெருவியப்பு. அதுவரை உறவினர் என்றே உலகறிந்த மாரியோவை, அத்தந்தி மகன் என்றே குறித்தது.

1942 முதல் ஈராண்டு கோடைக்கானலில் வாழ்ந்தனர். குழந்தைகள் இலையையும் பூச்சியையும் பாறையையும் தேடி எடுத்துவர, அவற்றிலிருந்தே பாடம் வளர்ந்தது. இலங்கைக்கும் சென்றுவந்தார். 1946-இல் ஐரோப்பா சென்று, 1947-இல் மீண்டும் வந்து, 1949 வரை இந்நாட்டிற் பணியாற்றினார். முதல் ஆறு ஆண்டுகளிற் குழந்தையின் மனம் சூழலைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது என்று அவர் விளக்கிய புகழ்பெற்ற நூல் 1949-இல் வெளிவந்தது அடையாற்றிலிருந்தே. 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றை யாம் தேடிப் படித்ததற்குக் காரணம் எம் தமக்கையின் மகள். அவளுக்குச் செவிப்புலன் மிகக் குறைவு. மூன்றரை அகவையில் அவளை இந்நகரின் மழலைப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். வரவேற்பறைச் சுவரில் அம்மையாரின் படம் மாலையோடு தொங்கியது. “இம்மாதிரிப் பிள்ளைகளுக்கு எங்கள் முறை ஒத்துவராதுங்க” என்றார் பொறுப்பாளர், பணிவோடுதான். அப்படத்துக்கு அடியில் நின்றே அதைச் சொன்னார்.

தென்னாட்டில் வேறு வழியே இல்லாமலில்லை. பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் பள்ளிகள் எழுந்தன, மைசூரில் 1901-இல். மைசூரிலேயே 1965-இல் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் அமைந்தது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, செவிப்புலன் குன்றிய இளங்குழந்தைகளுக்கெனவே தோன்றியது. தாய்மாரும் உடனிருந்து கற்பதை அது வற்புறுத்துகிறது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுக்காகக் கருநாடக ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் 1982-இல் இந்நகரிலேயே நிறுவப்பட்டது. நம்மவர் பலர் இவற்றின் பெயரையும் அறியார். அறியும்போது குழந்தைக்கு ஏழோ எட்டோ ஆகிவிடுகிறது.

சட்டமும் இவ்விடத்திற் சற்றே பிந்தி நிற்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு அகவை வரை பேசுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், குறை நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதோர்க்கு ஆறு முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. ஆறுக்கு முந்திய பருவத்தில் அரசமைப்பின் 45-ஆம் கூறு அரசை முயலுமாறு கூறுவதோடு அமைகிறது. 1975-இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகள் உள்ளன; ஆயினும் ஒரு பணியாளர் உணவும் பார்த்து, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதிச் செவி கேளாக் குழந்தைக்கு எப்போது பேச்சுப் பழக்குவார்? எந்த ஆறு ஆண்டுகளே அடித்தளம் என அம்மையார் நம் அடையாற்றிலிருந்து எழுதினாரோ, அந்த ஆறு ஆண்டுகளில் இக்குழந்தைகள் பெற்றோரின் பொருள்நிலையையும் நற்பேற்றையும் நம்பி வாழ்கின்றனர்.

எம் தமக்கை மகளை மைசூருக்கு அழைத்துச் சென்றோம். செவிக்கருவி பொருத்தினர். தாய் வீட்டிலிருந்து கற்பிக்க வேண்டியவை மிகுதி; தமக்கை அலுவலைத் துறந்தாள். வீட்டு மொழியாம் தமிழிலேயே பேச்சு தொடங்கிற்று. தமக்கையின் கணவர் சிவாஜிநகர் இரும்புக்கடையில் உப்புத்தாள் வாங்கிவந்து, ஞாயிறுதோறும் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டினார். அகரமும் பகரமும் எளிதில் வந்தன. ழகரத்தின் கீழ்வளைவுதான் மும்முறை கிழிந்தது. நான்காம் முறை வெட்டியதன்மேல் அவள் விரல் ஓட்டுகிறாள்.