நளிர்சுரமும் நாட்டுப் பிணியும்

சேலத்திற்கு வடபால் ஓங்கிய சேர்வராயன் மலையின் உச்சியில், ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், குகைக்கோயில் ஒன்று உளது. ஆண்டுச் சேர்வராயரும் காவேரியம்மையும் வழிபடப்பெறுகின்றனர். ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர்க்கு (இவர் தமிழ் பேசுவோரே) மே மாதத்தில் நிகழும் அவ்விழாவே ஆண்டின் பெருநாள். 2020, 2021 ஆகிய ஈராண்டும் அம்மாதத்திலே, கோவிட் என்னும் கொள்ளைநோய் பற்றித் தமிழ்நாட்டுக் கோயில்கள் அடியார் புகாவண்ணம் அடைக்கப்பெற்றிருந்தன.

திருவருளை நம்பினார்க்கு அடைப்பும் மருந்தும் எற்றுக்கு என்னும் வினா ஈண்டு எழும். அதற்கு விடை நெடுந்தொலைவில் இல்லை. 1997 வரை இதே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருச்செங்கோடே பழைய திருக்கொடிமாடச் செங்குன்றூர். ஆளுடைய பிள்ளையார் அங்கு எழுந்தருளியிருந்த பனிக்காலத்தில் உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியது. அது அந்நிலத்தின் இயல்பாயினும் நம்மைத் தீண்டாது எனப் பிள்ளையார் கூறியதாகச் சேக்கிழார் பெருமான் உரைப்பர். நோய்க்கு நிலமும் பருவமும் காரணமாதல் இங்கு மறுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. பகைவர் சூழ்ச்சியென்று எவர்மீதும் பழி சுமத்தப்படவுமில்லை.

அப்போது பாடியருளியது திருநீலகண்டப் பதிகம். முன்செய்த வினைக்கு இஃது ஈடு என்று அறிந்தும், உய்யும் வழி தேடாது வாளா இருத்தல் குறையென்று அதன் முதற்பாட்டே இடித்துரைக்கின்றது. கையால் தொண்டு செய்தலும், சோலை வைத்தலும், குளம் தோண்டுதலும் அதனுள் பேசப்படுகின்றன. ஊழென்று சொல்லிக் கைகட்டி இருப்பார்க்கு அதில் இடமில்லை. பிணி தீர்ந்ததும் உடனிருந்த அடியார்க்கு மட்டுமன்று, அந்நாடு முழுமைக்குமாம்.

பிள்ளையார் மருந்து கொடுத்திலரே எனின், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பிணியை விலக்கும் உரிமை அவர்க்கு உண்டு. அதனை ஏனையோர் தமக்கும் உரியதாகக் கொள்ளுதல் பத்தியன்று, செருக்கேயாம்.

2021 மே மாதத்தில் கோவையையடுத்த இருகூரில் ஒரு மடத்தார் கொரோனா தேவிக்குக் கருங்கற் படிமம் அமைத்து வேள்வி தொடங்கினர். பலர் நகைத்தனர். கோவையிலேயே பிளேக் மாரியம்மன் கோயில் முன்னரே உண்டு என்பதை அவர் மறந்தனர் போலும். அஞ்சினார் தெய்வத்தை நாடுதல் இழிவன்று. தீங்கு விளைத்தது வேறொன்று. செல்பேசிக் கோபுரங்களே நோயைப் பரப்புகின்றன, ஊசியினுள் நுண்கருவி உளது, அது மகப்பேற்றைக் கெடுக்கும் என்னும் கதைகள் உலகெங்கும் உலவின. இவை எச்சாத்திரத்திலும் இல்லை, ஆராய்ச்சியிலும் இல்லை.

ஐயத்திற்கு இடமே இல்லையென்பதும் நேர்மையன்று. 1902-இல் பஞ்சாபின் முல்கோவாலில் பிளேக் ஊசி இட்டுக்கொண்டோருள் 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். மருந்தை ஆக்கிய ஹாப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். குற்றம் அவருடையதன்றெனத் தெளிந்தது 1907-இல். ஆராய்ந்து தெளிதற்குக் காலம் வேண்டும். புரளிக்கோ அது வேண்டா.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் நாள் பலரறிய ஊசி இட்டுக்கொண்டு, 17-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். ஊசியே கொன்றது என்றனர் பலர். இறப்பிற்கு ஊசி காரணமன்று என்ற மைய அரசின் வல்லுநர் குழுவினது முடிவு வெளிவந்தது அக்டோபரில். அதற்குள் புரளி ஆறு மாதம் ஊர்தோறும் திரிந்துவிட்டது.